திண்ணைப் பேச்சு: இரும்பு தேய்க்கும் படிப்பு

“ஐயா, பிள்ளையைப் படிக்கப் போட்டேன், அங்கே அவனை இரும்பு தேய்க்க விட்டிருக்கிறார்கள்!”

இந்த முறையீட்டோடு புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் நண்பர் ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். சோரியாங்குப்பத்துக் குடியானவர். தென்பெண்ணையின் வடகரையில் அவருக்கு ஒரு காணிக்குக் கொஞ்சம் குறைவாக நிலம். பாதியில் நெல், பாதியில் கரும்பு. மூத்த பிள்ளை பத்தாம் வகுப்புத் தேறிய கையோடு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருந்தான். ஐ.டி.ஐ. என்று சொன்னால்தான் எல்லோருக்கும் புரியும். அதில் பிட்டர் தொழில். சேர்ந்து ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் அவன் செய்தது என்னவென்றால், தகப்பனார் கணக்குப்படி, ஒரே ஓர் இரும்புத் துண்டை அரம் கொண்டு ராவியதுதான்.

“உள்ளங்கை முழுவதும் கொப்புளம், ஐயா. அவன் அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். என் மைத்துனன் வேறு, ‘பையனை என்னிடம் விடு, கடையில் நின்றால் அன்றாடம் கையில் காசு’ என்கிறான். நீங்கள்தான் சேர்க்கச் சொன்னீர்கள். நீங்களே சொல்லுங்கள், இது படிப்பா?”

மைத்துனருடைய கடை என்ன கடை என்று நான் கேட்கவில்லை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய புதுச்சேரிக் கிராமங்களில் எந்தக் கடையில் காசு அதிகமாகப் புரளும் என்பது ஆற்றுக்கு அக்கரையில் உள்ளவர்களுக்கும் தெரியும்.

நண்பருக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையனைச் சேர்க்கச் சொன்னவன் நான். ஆனால் உள்ளே என்ன நடக்கும், எதற்காக நடக்கும், வீட்டில் இருப்பவர்கள் அதற்கு எப்படி ஒத்தாசையாக இருக்கவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே அது சரியாகத் தெரியாது.

நம்முடைய குடும்பங்களில் ஒரு பிள்ளை என்ஜினீயரிங் காலேஜில் சேர்ந்தால் பெற்றோருக்கு யாரும் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர் வீட்டில் ஒருவர், பெரியப்பா வீட்டில் ஒருவர் அந்த வழியில் போய்த் திரும்பியிருப்பார். செமஸ்டர் என்றால் என்ன, அரியர்ஸ் என்றால் என்ன என்று பாட்டிக்குக்கூடத் தெரியும். தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அப்படி வழித்துணை கிடையாது. கலியாண வீட்டில், “பையன் என்ன படிக்கிறான்?” என்று விசாரிக்கிறோம். “ஐ.டி.ஐ.” என்று பதில் வருகிறது. “ஓ!” என்கிறோம். அந்த ‘ஓ’வில் அடங்கியிருக்கிற அனுதாபம் இருக்கிறதே, அது கைக் கொப்புளத்தைவிட அதிகமாக வலிக்கும். அதைக் கேட்ட தகப்பனார் அடுத்த கலியாணத்தில், “ஏதோ படிக்கிறான்” என்று மென்று விழுங்குகிறார். பக்கத்தில் நிற்கும் பையன் அதையும் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறான்.

என் நண்பருடைய தகப்பனார் காலத்தில் புதுச்சேரிப் பக்கத்தில் தொழிலாளி என்றால் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளிதான். மூன்று பஞ்சாலைகள். 1936-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கிக்குப் பன்னிரண்டு தொழிலாளிகள் பலியாகி, அதன் பயனாக 1937-ல் எட்டு மணி நேர வேலைச் சட்டத்தை வாங்கிக்கொடுத்த ஆலைகள் அவை. உள்ளே நுழைய அப்போது யாரும் பயிற்சிச் சான்று கேட்கவில்லை. மாமனோ சித்தப்பனோ உள்ளே இருந்தால் போதும். தறியின் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே தொழில் படிந்துவிடும். அந்த மூன்று ஆலைகளும் 2020-ம் வருஷத்தோடு அடைபட்டுவிட்டன. இன்று மேட்டுப்பாளையத்திலோ கிருமாம்பாக்கத்திலோ உள்ள தொழிற்சாலை வாசலில் போய் நின்று மாமன் பெயரைச் சொன்னால் காவற்காரர் சிரிப்பார். சர்ட்டிபிகேட்டைத்தான் கேட்பார்கள்.

அந்தச் சர்ட்டிபிகேட்டுக்கான பயிற்சித் திட்டத்தை இந்திய சர்க்கார் 1950-ல் ஆரம்பித்தது. உலக யுத்தம் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்களுக்கும், தேசப் பிரிவினையில் வீடு வாசல் இழந்து வந்தவர்களுக்கும் தொழில் கற்றுக்கொடுக்க ஏற்பட்ட பட்டறைகள்தான் அதற்கு மூலம். புதுச்சேரி அப்போது நம்மோடு சேர்ந்திருக்கவில்லை. 1954 அக்டோபரில் கீழூரில் பிரதிநிதிகள் கூடி வோட்டுப் போட்ட பிறகல்லவா சேர்ந்தது? இப்போது மேட்டுப்பாளையத்தில் சர்க்கார் பயிற்சி நிலையம் இருக்கிறது. பாகூரிலும் ஒன்று இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் கடலூரிலும் இருக்கிறது. ஆக, படிப்புக்குப் பஞ்சமில்லை. அந்தப் படிப்பு எப்படிப்பட்டது என்று வீட்டுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

“வாருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருவோம்” என்றேன்.

“பெற்றவர்கள் அங்கே போகலாமா?” என்று கேட்டார் நண்பர். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டனுப்பினால், பிள்ளை ஏதோ தப்புச் செய்துவிட்டான் என்று அர்த்தம். கூப்பிடாமல் போனால் நாம் தப்புச் செய்கிறோம் என்று அர்த்தம். இதுதான் அவருடைய அனுபவம். போகலாம் என்று தைரியம் சொல்லி அழைத்துப் போனேன். அவர் வெள்ளை வேஷ்டி எடுத்துக் கட்டிக்கொண்டு, கலெக்டர் கச்சேரிக்குப் போகிறவர் மாதிரி வந்தார்.

பட்டறைக்குள் கால் வைத்ததும் காதில் விழுந்தது ‘கர்ர், கர்ர்’ என்ற சத்தம். நீண்ட மேஜைகள், அவற்றின் விளிம்பில் வரிசையாக வைஸ்கள், ஒவ்வொரு வைஸிலும் கவ்விக்கொண்டு ஓர் இரும்புத் துண்டு, அதன் முன்னால் நீலச் சட்டை போட்ட ஒரு பையன். இடது காலை முன்னால் வைத்து, வலது கையால் அரத்தின் பிடியையும் இடது கையால் அதன் நுனியையும் பிடித்து, உடம்பு முழுவதையும் சாய்த்து முன்னால் தள்ளுகிறான். திரும்பி இழுக்கும்போது அழுத்தாமல் லேசாக விடுகிறான். அரத்தின் பல் முன்னால் போகும்போதுதான் வெட்டும்; இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும். நண்பருடைய பிள்ளை நான்காவது மேஜையில் நின்றிருந்தான். எங்களைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது.

பயிற்சி ஆசிரியர் நல்ல மனிதர். எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். நண்பர் உட்காராமல் நேரே விஷயத்துக்கு வந்தார்: “இதை எத்தனை நாள் தேய்ப்பான், சார்?”

ஆசிரியர் பதில் சொல்லவில்லை. பையனுடைய துண்டை வைஸிலிருந்து கழற்றித் துணியால் துடைத்தார். தச்சர்கள் வைத்திருப்பார்களே மூலைமட்டம், அது போன்று எஃகினால் ஆன ஒன்றை அதன் முகத்தில் வைத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, நண்பரிடம் நீட்டினார். “வெளிச்சம் எங்கே தெரிகிறது, பாருங்கள்” என்றார்.

நண்பர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இரண்டு ஓரங்களிலும் மயிரிழை போல் வெளிச்சம் கசிந்தது, நடுவில் இல்லை.

“நடுவிலே மேடு” என்றார் நண்பர்.

ஆசிரியர் ஆச்சரியத்தோடு நிமிர்ந்தார். “எப்படிச் சொன்னீர்கள்?”

“சேடை உழுது பரம்பு ஓட்டும்போது இதே கதைதானே, சார்! பரம்புப் பலகையில் ஏறி நிற்கிறவன் ஆடினால் நிலம் நடுவில் மேடு கட்டும். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் விட்டால் தெரிந்துவிடும். எங்களுக்குத் தண்ணீர் காட்டுகிறது. உங்களுக்கு வெளிச்சம் காட்டுகிறது.”

அந்த நிமிஷத்தில் பையனுடைய முகத்தை நான் பார்த்தேன். அவன் படிக்கும் இடத்தில் வந்து நின்று தன் தகப்பனார் ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்வார் என்று அவன் எதிர்பார்த்திருக்கவே மாட்டான். நண்பர் அவன் பக்கம் திரும்பி, “எவ்வளவடா மேடு?” என்று கேட்டார். பையன் வெர்னியர் அளவுகோலை எடுத்து நடுவிலும் ஓரத்திலும் கனத்தை அளந்து, தயங்கித் தயங்கி, அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று சொன்னான். அந்தக் கருவி ஒரு மில்லிமீட்டரை ஐம்பது பங்காக்கி அதில் ஒரு பங்கைக் காட்டும். தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தகப்பனார் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் புரியாதது அவருக்கு அவமானமாகப் படவில்லை.

கம்ப்யூட்டர் ஓட்டும் லேத் வந்துவிட்ட காலத்தில் கையால் ராவுவது எதற்கு என்று நேயர்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் எவ்வளவு என்பதைக் கையால் அறியாதவன், யந்திரம் தப்புச் செய்யும்போது அது தப்பு என்று காண மாட்டான் என்றார் ஆசிரியர். முதல் மாதங்களில் கை, கண், பொறுமை மூன்றையும் பழக்குகிறார்கள். பிறகு ரம்பத்தால் அறுப்பது, துளை போடுவது, மரை வெட்டுவது, ஒரு துண்டுக்குள் இன்னொரு துண்டு வெளிச்சம் தெரியாமல் பொருந்தும்படி செய்வது, அப்புறம் லேத், அப்புறம் யந்திரங்களைப் பிரித்துப் பூட்டுவது என்று இரண்டு வருஷம் ஓடும். இந்தப் படிக்கட்டில் ஒரு படி விட்டால் அடுத்த படி ஏறாது.

இங்கேதான் ஆசிரியர் தம்முடைய வழக்கைத் தொடுத்தார். வருகைப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஆறு வாரத்தில் வேலை நாள் 30. பையன் வராத நாள் 9. நண்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணக்குப் பார்த்தார். முன் நடவுக்கு நாலு நாள். உறவில் காதுகுத்து, அதற்கு மூன்று நாள். உரம் வாங்க வரிசையில் நிற்க இரண்டு நாள். ஒவ்வொன்றும் நியாயமான காரியந்தான். எல்லாவற்றையும் கூட்டினால் நூற்றுக்கு எழுபது. நூற்றுக்கு எண்பது இல்லாவிட்டால் வருஷ முடிவில் அகில இந்தியத் தொழிற் பரீட்சைக்கு உட்கார முடியாது.

எண்பது என்ற எண்ணைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. சரித்திர வகுப்புக்குப் போகாத பிள்ளை சிநேகிதனுடைய நோட்டை வாங்கி எழுதிக்கொள்ளலாம். துளை போடும் அலகைச் சாணை பிடிக்கக் காட்டிக்கொடுத்த நாளில் வராத பிள்ளை யாருடைய நோட்டைப் பார்ப்பான்? கொப்புளத்தைக் காப்பி அடிக்க முடியாது. அவன் மறுநாள் வந்து, மற்றவர்கள் செய்வதைப் பார்த்து, தனக்கு மட்டும் வரவில்லையே என்று கூசி, ஒரு மூலையில் நிற்பான். பிறகு வயிற்று வலி வரும். பிறகு மாமன் கடை நினைவுக்கு வரும். படிப்பை விடுகிற பிள்ளை ஒரே நாளில் விடுவதில்லை. வீட்டார் நல்ல எண்ணத்தோடு நிறுத்திக்கொண்ட நாட்களின் வழியாகத்தான் மெள்ள மெள்ள நழுவுகிறான்.

இன்னொரு சிறு தகராறும் அன்று வெளியாயிற்று. பையனுடைய மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. ஆசிரியர் அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார், அவன் அவிழ்க்கவில்லை, அதனால் இரண்டு தடவை பட்டறைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறான். வீட்டில் சொல்லவில்லை. கண்ணேறு படாமலிருக்க அம்மா கோயிலில் மந்திரித்துக் கட்டிய கயிறு. சுற்றும் யந்திரத்தில் அந்தக் கயிறு சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். மோதிரம், சங்கிலி, தொளதொளத்த சட்டைக் கை, பெண் குழந்தைகளுடைய தொங்கும் பின்னல், எல்லாவற்றுக்கும் இதே விதிதான். ஆசிரியருக்கு விதி தெரியும். அம்மாவுக்குப் பிள்ளையின் க்ஷேமம் தெரியும். இருவரும் ஒரே காரியத்தைத்தான் விரும்புகிறார்கள். இடையில் நின்றவன் பதினாறு வயதுப் பையன். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாள் ஒரு நிமிஷத்தில் வழி சொல்லிவிட்டார்: “அதற்கென்ன, அரைஞாணில் முடிந்துகொள்ளட்டும்!”

திரும்பும்போது பாகூர் வழியாக வந்தோம். ஏரிக்கரையில் சற்று உட்கார்ந்தபோது நண்பருக்கு ஒரு பழைய கதை சொன்னேன். வாகூர் என்று அக்காலத்தில் வழங்கிய இந்தப் பாகூரில் ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்பு ஒரு வித்தியாஸ்தானம், அதாவது ஓர் உயர்ந்த கலாசாலை இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கன் தன்னுடைய எட்டாம் ஆட்சி வருஷத்தில் மூன்று கிராமங்களை அதற்குத் தானமாக எழுதிக் கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேடுகள் 1879-ல் பாகூரில் அகப்பட்டன. படிக்கிறவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகப் படிப்பை நிறுத்தாமல் இருக்க மூன்று ஊர்களின் வருமானம்! இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த ஏட்டில் எழுத்தை வெட்டியவர் கச்சிப்பேட்டைச் சேர்ந்த ஒரு பொற்கொல்லர். உளி பிடித்த அந்தக் கை நடுங்கியிருந்தால் அந்தக் கலாசாலை இருந்த சங்கதியே நமக்குத் தெரிந்திராது.

“மூன்று ஊரா!” என்றார் நண்பர். “என்னிடம் ஒரு காணிகூட முழுசாக இல்லையே!”

வேண்டியது மூன்று ஊர் இல்லை. நடவு நாலு நாள்தான் என்றேன். அவர் பதில் பேசவில்லை. நடவு நாலு நாள் என்று சொல்வது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சுலபம். ஆள் கூலி கொடுக்க வேண்டியவர் அவர்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் மற்றொரு சங்கதி தெரிந்தது. பையனுக்கு உண்மையில் பயம் அரத்தில் இல்லை. பட்டறைக் கணக்கிலும் படம் வரைவதிலுந்தான். பரப்பு, கன அளவு, எடை என்று கேட்கிறார்கள். சொற்களோ பாதி இங்கிலீஷ். “எனக்குத் தெரியாத கணக்கை நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?” என்று தகப்பனார் கையை விரித்தார். நான் அவரிடம், உங்கள் நிலத்தை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டேன். இருபத்து நாலடிக் கோல். கோலுக்குக் கோல் ஒரு குழி. நூறு குழி ஒரு காணி. இது இந்தப் பக்கத்து அளவு. அப்படியானால் குழிக்கு எத்தனை சதுர அடி? 576. பையன் சொல்வதற்கு முன்னால் தகப்பனார் சொல்லிவிட்டார். வரப்புக் கோணலாக இருந்தால்? எதிர் எதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்குவோம் என்றார். பையன் தன் நோட்டைத் திறந்து பார்த்தான். சரிவகத்தின் பரப்புக்கும் அங்கே கூட்டிப் பாதியாக்கித்தான் பெருக்கச் சொல்லியிருந்தது. பிறகு அப்பனும் பிள்ளையும் இரும்புத் துண்டின் பரப்பைக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார்கள். விடை தப்பாகத்தான் வந்தது என்று மறுநாள் கேள்விப்பட்டேன். ஆனால் தப்பு எங்கே என்று ஆசிரியரைக் கேட்கப் பையன் தானாகவே எழுந்து நின்றானாம்.

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, “எத்தனை மார்க்கு?” தொழில் படிக்கும் பிள்ளையை அப்படிக் கேட்டால் பதில் இராது. “இன்று என்ன செய்தாய்? எது வரவில்லை?” என்று கேட்டால் பதில் உண்டு. கேட்பவருக்குப் பாதி புரியாமல் போகட்டும், பாதகமில்லை. புரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் பிள்ளைக்கே புரிய ஆரம்பிக்கிறது. 1937-ல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலின் மூலமாகவே கல்வி புகட்ட வேண்டும் என்றார். தக்ளியும் தறியும் பள்ளிக்கூடத்தில் வைத்தோம். கொஞ்ச நாளில் மூலையில் போட்டோம். அந்தக் கல்வியில் தகப்பனாருக்கும் ஓர் இடம் இருந்தது என்பதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

இனி மைத்துனர் விவகாரம். இதை மழுப்பக்கூடாது. கடையில் நின்றால் இன்றைக்கே காசு. இங்கே இரண்டு வருஷம் ஒன்றும் கிடையாது. பரீட்சை தேறி தேசியத் தொழிற் சான்று வாங்கிய பிறகும், நல்ல தொழிற்சாலைகள் பெரும்பாலும் ஒரு வருஷம் அப்ரண்டிஸாக இருக்கச் சொல்லும். அதற்கு 1961-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. உதவித் தொகையும் உண்டு. 2019-ம் வருஷத்து விதிகள் ஐ.டி.ஐ. தேறியவனுக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தன. கொத்தனாருக்குக் கல் எடுத்துக் கொடுக்கிறவன் இதைவிட அதிகம் சம்பாதிப்பான். இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள், “இரண்டு வருஷம் படித்ததற்கு இவ்வளவுதானா?” என்று பிள்ளையைத் திருப்பி அழைத்துக்கொள்கின்றன. கிணறு வெட்டித் தண்ணீர் காணும் சமயத்தில் மண்ணைத் தள்ளுவது போல!

நெய்வேலி நிலக்கரி நிறுவனத்திலும், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையிலும், திருச்சிப் பொன்மலைப் பட்டறையிலும் இப்படித்தான் அப்ரண்டிஸ்களை எடுக்கிறார்கள். 2018-ல் முதல் வந்தே பாரத் வண்டி வெளிவந்தது அந்தப் பெரம்பூரிலிருந்துதான். பெட்டியை இணைத்தது பிட்டரும் வெல்டரும் எலெக்ட்ரீஷியனும். ஜெர்மனியில் மூன்று, மூன்றரை வருஷம் பிள்ளைகள் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளியிலும் மற்ற நாள் தொழிற்சாலையிலும் பழகுகிறார்கள். அங்கே யாரும் கலியாண வீட்டில் ‘ஓ’ போடுவதில்லை. மேலே படிக்க ஆசையுள்ளவன் இரண்டு வருஷப் பயிற்சி முடித்துவிட்டுப் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரவும் வழி இருக்கிறது. ஆகவே, கதவு அடைபட்ட வீடு அல்ல இது.

நண்பருக்கு இந்த ஊர்ப் பெயர்கள் எல்லாம் தூரத்தில் இருந்தன. அவருக்குப் பட்டது வேறு. 2024 நவம்பர் கடைசியில் பெஞ்ஜல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த வெள்ளம் டிசம்பர் முதல் வாரத்தில் தென்பெண்ணையில் கரை புரண்டது. வயலில் மணல், மோட்டார் கொட்டகைகளில் சேறு. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு காயில் கட்டுகிறவரைத் தேடி ஓடினார்கள். எரிந்த கம்பியைப் பிரித்து எடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணி, அதே கனத்துக் கம்பியால் அதே எண்ணிக்கை சுற்றி, வார்னிஷ் பூசி, உலர்த்தி, கசிவு இருக்கிறதா என்று சோதித்துக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கையில் தப்பினால் மோட்டார் மறுபடியும் எரியும். அவ்வளவு பேருக்கு ஓர் ஆளோ இரண்டு ஆளோ. நண்பர் தம்முடைய மோட்டாருக்காகக் காத்திருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிச் சொன்னார். “அந்த மனுஷனை அன்றைக்கு நாங்கள் டாக்டர் மாதிரி நினைத்தோம்” என்றார். அப்புறம் தானாகவே, “அவரும் இந்தப் படிப்புத்தானோ?” என்று கேட்டுக்கொண்டார்.

பெண் குழந்தைகளைப் பற்றிச் சில பெற்றோர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். தையல் மட்டுந்தான் பெண்ணுக்கு என்பது பழைய பேச்சு. எலெக்ட்ரீஷியன், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர், எதுவும் தடையில்லை. பட்டறை எத்தனை மணிக்கு விடும், பஸ் எத்தனை மணிக்கு, தனியாகக் கழிப்பறை இருக்கிறதா என்று சேர்ப்பதற்கு முன்னாலேயே நேரில் போய்ப் பாருங்கள். இதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கேட்காமல் சேர்த்து இரண்டாம் மாதம் நிறுத்துவதுதான் கொடுமை.

தனியார் நிலையத்தில் சேர்ப்பவர்கள் பணம் கட்டுமுன் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மத்திய சர்க்காரின் இணைப்பு, நிலையம் முழுவதற்கும் மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. தொழிலுக்குத் தொழில், பிரிவுக்குப் பிரிவு கொடுக்கப்படுகிறது. வெல்டருக்கு இணைப்பு வாங்கியவர் வாசலில் எலெக்ட்ரீஷியன் என்றும் பலகை எழுதி வைத்தால் யார் தடுப்பது? நான் ஒரு முறை ஓர் இடத்துக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். அங்கே லேத் யந்திரத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தது. மாலை உலர்ந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. யந்திரம் சுற்றியிருந்தால் அது அப்படியே இருந்திருக்குமா?

போன வாரம் நண்பர் மறுபடி வந்தார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஆற்றோரத்துத் துண்டில் மீதி நடவு நின்றுபோயிருந்தது என்று எனக்குத் தெரியும். நாற்று முற்றுவதற்கு முன் நட்டாக வேண்டுமே, என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“வியாழக்கிழமை நட்டிருக்க வேண்டியது, ஐயா. ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டேன்” என்றார். “நாற்று மூன்று நாள் முற்றித்தான் போயிற்று. பையனும் வந்து கட்டு எடுத்துப் போட்டான். பரம்பு ஓட்டிவிட்டு அவனைக் கூப்பிட்டு, எங்கேடா மேடு என்று கேட்டேன். வடக்கு மூலையில் இருக்கிறது, அப்பா என்றான். நான் பார்க்கவில்லை. அவன் பார்த்துவிட்டான்.”